கேளுங்கள், சொல்கிறேன்: போட்டோ எடுத்த பிறகு என்ன?

கேள்வி: என் மகன் படிக்கும் கல்லூரியில் அடிக்கடி ஏதாவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகிறார்கள். சால்வை, போட்டோ, மதியம் பிரியாணி. இதனால் ஊருக்கு ஏதாவது உண்டா? – ஓர் அப்பா, காட்பாடி

பதில்: பிரியாணி சாப்பிட்டவர்களுக்கு உண்டு. ஆனால் எல்லாவற்றையும் அப்படி ஒதுக்கிவிட முடியாது சார், உங்கள் ஊரிலேயே ஒன்று உருப்படியாக நடந்திருக்கிறது. குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு வராமல் இருக்கக் கொடுக்கும் ரோட்டாவேக் சொட்டு மருந்தின் கதை 1980-களில் டெல்லி எய்ம்ஸில் ஆரம்பிக்கிறது. அங்கே பிறந்த குழந்தைகள் சிலரிடம் ஒரு வகை ரோட்டா வைரஸ் இருந்தது, ஆனால் அவர்களுக்கு வயிற்றுப்போக்கு இல்லை, அட, இதையே மருந்தாக்கினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அப்புறம் அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், நம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, தயாரிக்க ஹைதராபாத் பாரத் பயோடெக், பணத்துக்கு கேட்ஸ் அறக்கட்டளை என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசிக் கட்டச் சோதனையில் 6,799 குழந்தைகள். நடந்த இடங்கள் மூன்று: டெல்லி, புனே, நம்ம வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. 2014-ல் உரிமம் கிடைத்து, 2016-ல் அரசுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது. கிட்டத்தட்ட முப்பது வருஷம்! கடுமையான நோயை முதல் ஆண்டில் தடுத்தது ஏறக்குறைய 56 சதவீதம்தான், ஆனால் ஒரு டோஸ் ஒரு டாலர் என்று சோதனை முடிவு வந்தபோதே கம்பெனி விலை சொல்லிவிட்டது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அதுதான். அடுத்த சால்வை விழாவுக்கு அழைப்பு வந்தால், எந்தச் சிக்கலுக்காக இந்த ஒப்பந்தம், தயாரிக்கப் போவது யார், விலை என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்களுக்கு அப்பா காலத்திலிருந்து தோல் பதனிடும் டேனரி. ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள், போகிறார்கள். எங்களுக்கு என்ன பயன்? – ஆம்பூர் வாசகர்

பதில்: அப்பாவையே கேளுங்கள். தோலில் பூஞ்சை வராமல் இருக்கப் போடும் பென்டாகுளோரோஃபீனாலை 1989 கடைசியில் ஜெர்மனி தடை செய்தபோது நம் ஏற்றுமதிக்காரர்கள் கதிகலங்கிப் போனார்கள், சில வருஷத்தில் தோலுக்கு நிறமேற்றும் சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. மாற்று மருந்துக்கும் பரிசோதனைக்கும் கைகொடுத்தது 1948-லிருந்து அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் கூட்டு ஆசைப்பட்டு வந்ததல்ல, சரக்கு திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில் வந்தது.

டேனரிக் கழிவால் கெட்ட பாலாற்றின் கதையும் அப்படித்தான். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில்தான், உலகச் சட்டப் புத்தகங்களில் நம் ஊர் பெயர் ஏறியது இப்படி, பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. இப்போது அதே தோல் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீர் சேர்க்காமல் குரோமியம் உப்பால் தோலைப் பதனிடும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. உங்கள் டேனரியில் இன்னும் பழைய முறைதான் என்றால், அடுத்து வரும் ஆராய்ச்சிக்காரருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடாமல் டிரம் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கிறாள். வெளிநாட்டோடு சேர்ந்து நடக்கும் ஆராய்ச்சிக்கு எப்படிப் போவது? – ஓர் அம்மா, குடியாத்தம்

பதில்: ஒரு வழி, 2010-ல் தொடங்கிய இந்திய-ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையம். அதில் 'இரண்டும் இரண்டும்' என்று ஒரு திட்டம் உண்டு. இந்தியாவில் ஒரு ஆய்வு நிறுவனம், ஒரு கம்பெனி, ஜெர்மனியிலும் அதே மாதிரி இரண்டு, நான்கும் சேர்ந்தால்தான் பணம். அதனால் தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது அம்மா. இப்படிப்பட்ட கூட்டுத் திட்டம் நடத்தும் பேராசிரியரைத் தேடி அவரிடம் பிஎச்.டி.க்குச் சேரச் சொல்லுங்கள்.