தெருவுக்குப் புதிதாக நடைபாதை: யாரிடம், எப்படிக் கேட்பது?

கேள்வி: சென்னையில் 40 அடி அகலத் தெருவில் குடியிருக்கிறோம். தெருமுனையில் பள்ளி. நடைபாதை கிடையாது, பிள்ளைகள் வண்டிகளுக்கு நடுவேதான் நடக்கிறார்கள். புதிதாக நடைபாதை கேட்க மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்குப் போன் செய்தால் போதுமா?

பதில்: போதாது. எரியாத விளக்கு, அள்ளாத குப்பை, உடைந்த மூடி போல இருப்பதைச் சரிசெய்யத்தான் அந்த எண். புது நடைபாதை என்பது எஸ்டிமேட் போட்டு, நிதி ஒதுக்கி, டெண்டர் விட்டுச் செய்கிற பணி. அதற்குப் புகார் உதவாது, மனுதான் வேண்டும்.

முதலில் தெரு யாருடையது என்று பாருங்கள். உட்புறச் சாலையென்றால் மண்டல அலுவலகம். பஸ் போகும் சாலைகளை மாநகராட்சியில் தனித் துறை கவனிக்கிறது. அண்ணா சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. வார்டு உதவிப் பொறியாளரிடம் (ஏ.இ.) கேட்டால் உடனே சொல்லிவிடுவார்.

அப்புறம் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள். தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறது சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டி. 40 அடி என்பது சுமார் 12.2 மீட்டர். இருபுறமும் 1.8 போக 8.6 மீட்டர் மிஞ்சும். ஒரு பக்கம் கார் நின்றாலும் இரு திசையிலும் வண்டி போகலாம். இரு பக்கமும் நின்றால் முடியாது. அதைத் தெருக்காரர்கள் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். 20 அடித் தெரு என்றால் நடைபாதையே கேட்க வேண்டாம் என்பேன். வேகத்தடை கேளுங்கள்.

இனிதான் பெரிய சிக்கல். நடைபாதைக்கு வருகிற எதிர்ப்பு பெரும்பாலும் அதே தெருவிலிருந்துதான் வரும். கேட்டுக்கு வெளியே கார் ஏற்றச் சாய்தளம் போட்டிருப்பவர்கள், தொட்டி வைத்துச் செடி வளர்ப்பவர்கள், வாசலை ஒட்டி வண்டி நிறுத்துபவர்கள். இவர்களில் ஐந்து வீட்டார் கவுன்சிலரிடம் போய் முறையிட்டால் பணி அப்படியே நிற்கும். அதனால் மனுவுக்கு முன்பே வீடு வீடாகப் போய், சாய்தளத்தை உள்ளே இழுத்துக்கொள்ளச் சம்மதம் என்று கையெழுத்து வாங்குங்கள். ஐந்நூறு பேர் கையெழுத்தைவிட இப்படிப்பட்ட பத்து வீட்டாரின் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். இஸ்திரி வண்டியையும் இட்லிக் கடையையும் அகற்றச் சொல்லி மனுவில் எழுதாதீர்கள். அவர்களுக்கு 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப் பாதுகாப்பு உண்டு. எழுதினால் நடைபாதைக் கோரிக்கை அந்தத் தகராறில் போய் மாட்டிக்கொள்ளும்.

மனு ஒரு பக்கம் போதும். எந்தக் கதவு எண் முதல் எதுவரை, நீளம், அகலம், நடுவில் வரும் மரங்கள், மின்கம்பங்கள், பில்லர் பாக்ஸ்கள் (தெருவோர மின்பெட்டிகள்), பள்ளி விடும் நேரத்தில் எடுத்த இரண்டு படங்கள். சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்ற மோட்டார் சாராப் போக்குவரத்துக் (நடை, சைக்கிள்) கொள்கையையும், தடையற்ற நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னதையும் ஒரு வரியில் சேருங்கள். கவுன்சிலருக்கும் மண்டல அலுவலருக்கும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்திலும் பேசி, தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பணிச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டும் ‘நமக்கு நாமே’ திட்டமும் இருக்கிறது. ஆனால் நடைபாதைக்கு முதலிலேயே பணம் நீட்ட வேண்டாம்.

நேரமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் பொறியாளர்கள் மழைநீர் வடியவைக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆடி, ஆவணியில் கொடுத்தால் அடுத்த பட்ஜெட்டுக்கு முன் எஸ்டிமேட் போட அவகாசம் கிடைக்கும். சென்னையில் பல இடங்களில் மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான் நடைபாதை. உங்கள் தெருவில் வடிகால் பணி வரப்போகிறது என்று தெரிந்தால் விடாதீர்கள், இரண்டையும் ஒரே எஸ்டிமேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் ஆகியும் பதில் இல்லையா? 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காமல், மனு மீதான குறிப்புகளின் நகலையும் எஸ்டிமேட் நகலையும் கேளுங்கள். எஸ்டிமேட் கிடைத்தால், கம்பமும் பில்லர் பாக்ஸும் போக 1.8 மீட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் டெண்டருக்கு முன்பே ஏ.இ.யிடம் சொல்லித் திருத்த வையுங்கள்.