பெற்றோருக்கும் வகுப்பா?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் பெற்றோருக்கான வகுப்பு தொடங்குகிறது. பதினான்கு வயது மகனை அடித்தே திருத்த முயலும் என் கணவர், "பிள்ளை வளர்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்" என்று மறுக்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: சகோதரி, போர் முடிந்த 2009 வரை பதுங்குகுழிகளுக்குள் அதட்டி அடக்கப்பட்டே உயிர்தப்பிய தலைமுறைக்கு, அதட்டலே அக்கறையின் மொழியாகப் பதிந்துவிட்டதில் வியப்பில்லை, ஆகவே அவரைக் குற்றவாளியாக்கிப் பேசாதீர்கள். இவ்வகுப்புகள் பெற்றோரை விசாரிப்பதற்கானவை அல்ல. பிள்ளை பேசும்போது குறுக்கிடாமல் கேட்பது, நற்செயலைக் கண்டவுடன் பெயர்சொல்லிப் பாராட்டுவது, கோபம் தலைக்கேறும்போது சற்று விலகி நிற்பது ஆகியவற்றை அங்கே நடித்துப் பார்த்தே பழகுகிறார்கள். கேட்டுவிட்டு வருவதைவிடப் பழகுவதுதான் பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம். உலக சுகாதார நிறுவனமும் 2023இல் இத்தகைய பயிற்சிகளைப் பரிந்துரைத்தது.

முதலில் நீங்கள் செல்லுங்கள். வயல் வேலை முடிந்த மாலையில் ஆண்களுக்கென ஓர் அமர்வை நடத்துமாறு ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள்; அயலிலுள்ள தந்தை ஒருவர் அழைத்தால் உங்கள் கணவர் வரக்கூடும். ஆனால் மகனுக்குக் காயம் ஏற்படுமளவுக்கு அடி விழுந்தால் வகுப்புக்காகக் காத்திராமல், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை நாடுங்கள், அல்லது 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்தை உடனே அழையுங்கள்.