எழுந்து நிற்கும் அட்டைக்கு எதில் காசு போடுவது?

கேள்வி: மகன் பள்ளிக்கூட அணியில் கூடைப்பந்து விளையாடுகிறான். அவர்களைப் பயிற்றுவித்த சேர் ஓய்வுபெறுகிறார். திறந்ததும் படம் எழுந்து நிற்கிற மாதிரி ஒரு வாழ்த்து அட்டை செய்து கொடுக்கப் பிள்ளைகளுக்கு ஆசை. ஒன்லைனில் ஒரு கிட் பார்த்தோம். ஸ்டிக்கர், மினுக்கம், குட்டிப் பந்து எல்லாம் இருக்கிறது. விலையும் கொஞ்சம் கூடத்தான். வாங்கலாமா? (ஒரு தாய், கல்லடி)

பதில்: வேண்டாம். இந்த வகை அட்டையைத் தூக்கி நிறுத்துவது மடிப்புத்தான், ஸ்டிக்கர் இல்லை. பக்கத்துப் புத்தகசாலையில் 200 முதல் 250 ஜீ.எஸ்.எம் (ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) மட்டை, இரும்பு அடிமட்டம், புது பிளேட் போட்ட கட்டர், டபிள் டேப் வாங்குங்கள். காசு மிஞ்சினால் மட்டையில் இன்னும் இரண்டு கூட வாங்குங்கள். முதல் மட்டை எப்படியும் வீணாகும்.

வாங்கிய மட்டையை இரண்டு பக்கமாகவும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ அந்தப் பக்கம் மடித்தால் வெடிப்பில்லாமல் மடியும். மடிக்கும் இடத்தில் மை தீர்ந்த பேனையால் அடிமட்டம் வைத்து ஒரு கோடு அழுத்திவிடுங்கள்.

ஏ4 அளவு மட்டையைக் குறுக்கே பாதியாக மடித்தால் ஒரு பாதி 14.8 செ.மீ. மடிப்பிலிருந்து உள்ளே 3 செ.மீ நீளத்துக்கு, 2 செ.மீ இடைவெளியில் இரண்டு வெட்டு. நடுத் துண்டை உள்பக்கம் தள்ளினால் அட்டையைத் திறக்கும்போது சின்னப் பெட்டி போல எழும்பும். அதன் முன்முகத்தில் கூடைக் கம்பத்தை ஒட்ட வேண்டும்.

பலரும் சறுக்குகிற இடம் உயரம். பெட்டி முன்னுக்கு வரும் 3 செ.மீயும் கம்பத்தின் முழு உயரமும் சேர்ந்து 14.8 செ.மீக்குள் அடங்க வேண்டும். கூடைக்குப் பின்னால் நிற்கும் உண்மையான பலகையின் மேல் விளிம்பு தரையிலிருந்து 3.95 மீற்றர். அதை 30இல் ஒன்றாகச் சுருக்கினால் 13 செ.மீ வரும், அட்டையை மூடியதும் பலகையின் தலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 40இல் ஒன்றாகச் சுருக்குங்கள். கம்பம் பலகையோடு 9.9 செ.மீ, பலகை 4.5க்கு 2.6 செ.மீ, வளையம் 1.1 செ.மீ, பந்து 6 மி.மீ. வாழ்நாளெல்லாம் திடலில் நின்றவரின் கண்ணுக்கு அளவு பிசகினால் உடனே தெரிந்துவிடும். வளையத்தைத் தனியாக வெட்டி நீட்டி ஒட்ட வேண்டாம், மூடும்போது நசுங்கும். பலகையிலேயே வரைந்து, கீழே வெள்ளை நூலை வலையாகத் தொங்கவிடுங்கள்.

கம்பத்துக்குப் பின்னால் தெரியும் உள்பக்கத்துக்குப் பிள்ளைகள் விளையாடும் திடலையே படமெடுத்து கொமியுனிக்கேஷனில் லேசர் பிரிண்ட் போடலாம். இங்க்ஜெட் மை ஈரக்கை பட்டால் கலங்கும். ஆனால் லேசர் பிரிண்டை மடிப்புக்கு மேலே ஒட்டாதீர்கள், மடிகிற கோட்டில் மை உதிரும். தண்ணீர்ப் பசையும் வேண்டாம். மாரி நேரத்து ஈரத்தில் அது சுணங்கித்தான் காயும், மட்டையும் சுருண்டுவிடும். வெட்டிய ஓட்டையை மறைக்க வெளியே இன்னொரு மட்டை ஒட்டும்போது பெட்டிப் பகுதியில் மட்டும் டேப் படக்கூடாது. பட்டால் பெட்டி எழும்பாது.

கேள்வி: இதே மாதிரி வேலைக்கு 250 ஜீ.எஸ்.எம் என்று எழுதிய ஏ4 பக்கற் ஒன்று வாங்கினேன். தொட்டால் மெலிசாக இருக்கிறது. கடைக்காரர் பில்லும் தரவில்லை. (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: தொட்டுப் பார்த்துச் சண்டை பிடிக்க முடியாது, நிறுத்துப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் பதினாறில் ஒரு பங்குதான் ஏ4. ஆகவே 16 தாள் எத்தனை கிராமோ அதுதான் ஜீ.எஸ்.எம். உங்கள் 16 தாளும் 250 கிராமுக்குக் கிட்ட நிற்க வேண்டும். ஐந்தாறு கிராம் முன்பின் இருந்தால் விட்டுவிடலாம். 180இல் நின்றால் பக்கற்றோடு கடைக்குப் போங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். அப்படியும் மறுத்தால் அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லலாம். பக்கற்றின் உறையை அதுவரை எறிந்துவிடாதீர்கள்.