வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு, 15 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு, ஆன்லைன் விற்பனை மூலம் வேலைத் திறனும் வாழ்க்கைத் திறனும் கற்றுத்தர முடியுமா? அதற்கு எவ்வளவு முதல் வேண்டும்?

முடியும். நீங்கள் கேட்டிருப்பது போல 15 முதல் 18 வயதுக்குள் இருக்கும் ஒன்பது பிள்ளைகளோடு சேலம் குகைப் பகுதியில் ஐந்து வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் செய்துவருகிறேன். அதற்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு வருடம் கணக்கு எழுதினேன். நான் பார்த்தவரை, விற்பனை நன்றாக நடக்கும் நாளில் பிள்ளைகள் பெரிதாக எதுவும் கற்பதில்லை. பார்சல் திரும்பி வருகிற நாளில்தான் கற்கிறார்கள்.

எங்கள் பக்கம் பல வீடுகளில் வெள்ளிக் கொலுசு வேலை. அப்பா பற்றவைப்பார், அம்மா சலங்கை கோப்பார், பள்ளிவிட்டு வந்த பிள்ளையும் கூட உட்காரும். சிலர் தறி வீட்டுப் பிள்ளைகள். இரண்டு பேருடைய அப்பாக்கள் லீ பஜார் மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறார்கள். கைவேலை இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முகம் தெரியாத ஒருவரிடம் பேசுவதும், தயங்காமல் விலை சொல்வதும், "தப்பு எங்களுடையது" என்று எழுதுவதும்தான் புதிது. வெள்ளியைத் தொட வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். அதற்குப் போடும் முதல் அதிகம். தவிர, பட்டறைக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்றுதானே இதைத் தொடங்கினோம்.

பழைய பாடப் புத்தகங்களில் ஆரம்பித்தோம். தெருவில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள், முதல் தேவையில்லை. ஒரு பையன் பிளஸ் டூ இயற்பியல் கைடு ஒன்றுக்கு "புத்தம் புதுசு மாதிரி" என்று எழுதியிருந்தான். திறந்தால் பாதிப் பக்கங்களில் பேனாக் கிறுக்கல். "குறையை முதலில் எழுது, நிறையை அப்புறம் எழுதலாம்" என்றேன். முனகிக்கொண்டே மாற்றினான்: "அட்டை ஓரம் கிழிந்திருக்கிறது. இரண்டாம் பாடத்தில் பேனாவால் விடை எழுதியிருக்கிறது. ஒரு பக்கமும் குறையவில்லை." அன்று மாலையே ஆத்தூரிலிருந்து ஒருவர் தன் மகளுக்காக வாங்கினார். "இப்படி எழுதறவங்களை நம்பலாம்னு தோணுச்சு தம்பி" என்று அவர் போனில் சொன்னதை அவன் வாரக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்து இளம்பிள்ளைச் சேலைகள். இங்கிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடலாம், தெரிந்த தறிக்காரரிடம் ஐந்தாறு சேலையாக எடுக்கலாம். அதில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. பதினொன்றாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்துப் போட்ட படத்தைப் பார்த்து, திருநெல்வேலியில் ஓர் அம்மா சேலை வாங்கினார். ஒரு வாரத்தில் அது திரும்பி வந்தது. உள்ளே ஒரு சீட்டு: படத்தில் மயில் கழுத்து நிறம், வந்திருப்பது கரும்பச்சை.

"அந்தம்மா ஒரு விசேஷத்துக்குக் கட்டிட்டுப் பொய் சொல்றாங்கக்கா" என்றாள். கண்ணில் நீர். நான் ஒன்றும் சொல்லாமல் சேலையையும் போனையும் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சேலை கரும்பச்சையாகத்தான் இருந்தது. மடிப்பும் கலையவில்லை.

"இப்ப என்னங்கக்கா பண்றது?"

"நீதான் சொல்லணும்."

மூன்று முறை பதில் எழுதினாள். முதலாவதில் முழுக்க டியூப்லைட்டைப் பற்றிய சமாதானம். இரண்டாவதில் "நாங்கள் ஏழைப் பிள்ளைகள், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று இருந்தது. அதை மட்டும் நானே அழித்தேன். எங்களிடம் வாங்குபவர் சேலை நன்றாக இருப்பதால் வாங்கட்டும், இரக்கப்பட்டு வாங்க வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மூன்றாவது பதில் நான்கே வரி: படம் தவறு, பணம் இன்று திரும்ப வந்துவிடும், சிரமத்துக்கு மன்னிக்கவும், வேறு சேலை வேண்டுமானால் வெயிலில் எடுத்த படம் அனுப்புகிறேன். அன்றிலிருந்து எங்கள் படங்கள் எல்லாம் காலை வெயிலில், வாசலில்தான். பில்டர் போடுவதில்லை. போகவர ஆன 140 ரூபாயை நஷ்டம் என்று அவளே தன் கையால் நோட்டில் எழுதினாள்.

அந்த நோட்டுதான் எங்கள் பள்ளிக்கூடம். 480 ரூபாய்க்கு எடுத்த சேலையை 650க்கு விற்றால் லாபம் எவ்வளவு என்று கேட்டால் முதல் மாதம் எல்லோரும் 170 என்பார்கள். கூரியர் 70, கவரும் டேப்பும் 14. மிச்சம் 86. பத்துச் சேலை அனுப்பி ஒன்று திரும்பினால், ஒன்பதில் கிடைத்த 774 ரூபாயில் 154 போய் 620. இதைத் தானே எழுதிப் பார்த்த பிள்ளை, "ரெண்டே மாசத்தில் லட்ச ரூபாய்" என்று வரும் விளம்பரங்களை நம்பாது. பெட்டி அளவும் அப்படித்தான். கூரியரில் பெரும்பாலும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். அந்தக் கிலோ நிஜ எடையைவிட அதிகமென்றால் அதற்குத்தான் கட்டணம். 33, 20, 12 அளவுள்ள செருப்புப் பெட்டியில் அறுநூறு கிராம் சேலையை வைத்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் காசு கட்ட வேண்டும். கணக்கில் தோற்ற ஒரு பையன் இப்போது பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்கிறான்.

சட்ட விஷயம். 18 வயது ஆகாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமே அதைச் சொல்கிறது. ஆகவே விற்பனைக் கணக்கு ஒரு பெரியவர் பெயரில்தான் இருக்க வேண்டும். எங்களுடையது என் பெயரில். முன்பெல்லாம் பெரிய ஆன்லைன் தளங்களில் விற்க ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபரிலிருந்து ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்கள் ஒரு பதிவு எண் மட்டும் வாங்கிச் சொந்த மாநிலத்துக்குள் விற்கலாம். ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து வரும் பையன் வீட்டு மிளகை விற்க ஆசைப்பட்டபோது, உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு, பாக்கெட்டின் மேல் எடை, விலை, தேதி, முகவரி எல்லாம் வேண்டும் என்று அவனே தேடிக் கண்டுபிடித்தான். நன்றாகக் காயாத மிளகு பாக்கெட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பது மட்டும் அவன் பாட்டி சொன்னது.

பையன்கள் ஒருமுறை சித்தி, மாமா எல்லோரையும் பிடித்து ஐந்து நட்சத்திரம் போடவைக்கத் திட்டம் போட்டார்கள். விற்பவரே வாங்கியவர் போல நடித்துக் கருத்து எழுதக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் இருப்பதைப் படிக்கச் சொன்னேன். சட்டத்தைவிட, "அந்த இயற்பியல் கைடு எப்படி வித்துச்சு?" என்று ஒருத்தி கேட்டதுதான் வேலை செய்தது.

பாதுகாப்பில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். பெண் பிள்ளைகளின் சொந்த எண்ணோ முகவரியோ படமோ வெளியே போகக்கூடாது. எங்களிடம் ஒரு பொதுப் போன், அது என் வீட்டில் இருக்கும், எந்த உரையாடலையும் இரண்டு பேர் பார்ப்பார்கள், மாலை ஆறுக்கு மேல் பதில் கிடையாது. ஒருமுறை சேலை வாங்குவதாகச் சொன்ன ஒருவன் க்யூஆர் குறி அனுப்பி, "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்றான். பதினைந்து வயதுப் பெண் நிறுத்திவிட்டாள். நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் (பின்) தேவையே இல்லை என்று அவளுக்குத் தெரியும். அன்று இரவே அதைத் தன் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும் என்பது எங்கள் சுவரில் எழுதியிருக்கிறது.

வீட்டில் எதிர்ப்பு வரும். "பட்டறைக்கு வந்தா கையில காசு பாப்பானே" என்று ஓர் அப்பா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, கடன் இருந்தது. அந்தப் பையன் பத்தாவதோடு நின்றுவிட்டான், நான் எவ்வளவோ பேசியும் முடியவில்லை. இன்றும் அது எனக்கு வலிக்கிறது. அதற்குப் பிறகுதான் சேர்க்கும்போதே பெற்றோரை உட்காரவைத்துப் பேசுகிறேன். இலக்கு கிடையாது, ஞாயிறு மட்டும்தான், பிப்ரவரியிலிருந்து தேர்வு முடியும்வரை எல்லாம் மூடப்படும், லாபத்தில் பங்கு பிள்ளையின் சேமிப்புக் கணக்குக்குப் போகும். மற்றவர்களில் ஒருவன் கூரியர் அலுவலகத்தில் வேலை செய்கிறான். கரும்பச்சைச் சேலைப் பெண் பி.காம். இரண்டாம் வருடம்.

எவ்வளவு முதல் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். சேலைக்காக நான் போட்டது 3,000 ரூபாய். நன்கொடையாகத்தான் கொடுத்தேன், பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் என் பெயரில் கடன் என்று எழுதி, கடை நடக்கும் மாதங்களில் 100 ரூபாய் வீதம் திருப்பித் தருகிறார்கள். இன்னும் 800 பாக்கி.