ஆஸ்திரேலிய த்ரில்லர்கள் ஹாலிவுட்டின் மலிவு நகலா?

"ஆஸ்திரேலியாவில் சின்ன பட்ஜெட்டில் எடுக்கும் த்ரில்லர்கள் ஹாலிவுட் படங்களின் மலிவு நகல்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓடிடியில் ஏதோ ஒரு படத்தைப் பாதி பார்த்துவிட்டு அணைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இருட்டில் எடுத்த காட்சிகள், தெரியாத முகங்கள், முக்கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. எரிச்சல் வருவது நியாயம்தான். ஆனால் "மலிவு நகல்" என்பதைப் படித்த பிறகு பேசாமல் போக முடியவில்லை. அப்படி ஒரு படத்தில் 21 இரவுகள் பூம் மைக் (நீளக் கம்பில் மாட்டிய ஒலிவாங்கி) பிடித்தவன் நான்.

மெல்பர்னில் ஒலிப்பதிவு படித்து முடித்த புதிது. நகரத்திலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் போனால் ஒரு ஆட்டுப் பண்ணை. ஜூலை மாதக் குளிர். மொத்தக் குழுவே 14 பேர். திரைக்கதையில் ஒரு கார் துரத்தல் இருந்தது. ஒன்பதாவது நாள் தயாரிப்பாளர் வந்து, அதற்கு ஒதுக்கிய பணம் ஜெனரேட்டருக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டது என்றார். இயக்குநர் அன்று ராத்திரி யாரிடமும் பேசவில்லை. மறுநாள் துரத்தலையே தூக்கிவிட்டு வேறு எழுதிக்கொண்டு வந்தார். கதாநாயகி கொட்டகையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே சரளைப் பாதையில் ஒரு வண்டி மெதுவாக வருகிறது, நிற்கிறது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான். வண்டியைக் காட்டவே இல்லை.

அந்தச் சத்தத்தைப் பிடிக்கும் வேலை எனக்கு. பண்ணைக்காரரை அவருடைய பழைய ஃபால்கன் வண்டியை விளக்கில்லாமல் ஓட்டச் சொன்னோம். அதிகாலை 2 மணி. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மைக்கைப் பிடித்தபடி வேலியோரம் ஈரப் புல்லில் படுத்துக் கிடந்தேன். டயருக்கு அடியில் கல் நொறுங்கும் சத்தம்தான் நாங்கள் எதிர்பார்த்தது. மூன்றாவது தடவை ஒரு கல் தெறித்து வேலிக் கம்பியில் பட்டது. 'டிங்'. கம்பி முழுக்க அந்த அதிர்வு ஓடி அடங்கியது. அதற்குப் பிறகு நாலு தடவை எடுத்தும் அது திரும்ப விழவில்லை. படத்தில் இருப்பது அந்த மூன்றாவதுதான். திரையிட்ட அன்று எனக்குப் பின்வரிசையில் ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டை விடாமல் நோண்டிக்கொண்டிருந்தார். அந்த 'டிங்' வந்ததும் பாக்கெட் சத்தம் நின்றது. காட்சி முடிகிற வரை கேட்கவில்லை.

காசு இருந்திருந்தால் நாங்களும் இரண்டு காரை உருட்டிவிட்டுத் திருப்தியாகப் போயிருப்போம்.

ஒரு படத்தை வைத்துப் பேசுகிறான் என்று சொல்வீர்கள். சரி, 2007-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வருடத்தில் இரண்டு ஆஸ்திரேலிய முதலைப் படங்கள் வந்தன. 'ரோக்' பெரிய பட்ஜெட், கணினியில் செய்த ராட்சத முதலை. 'பிளாக் வாட்டர்' அதன் செலவில் ஒரு துளிகூட இல்லை. நிஜ முதலைகளைப் படம்பிடித்து, அந்தக் காட்சிகளை நடிகர்கள் இருக்கும் காட்சிகளோடு இணைத்தார்கள். படகு கவிழ்ந்து, பிழைத்தவர்கள் அலையாத்தி மரத்தில் தொத்திக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் நாம் பார்ப்பது அசையாத தண்ணீரைத்தான். எனக்கு அந்தத் தண்ணீர்தான் பயம். 'ரோக்' மட்டமான படம் என்று சொல்லவில்லை. அதை எடுத்த கிரெக் மெக்லீன்தான் 2005-இல் வந்த 'வுல்ஃப் க்ரீக்' படத்தைச் சுமார் 14 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் எடுத்தவர். இரண்டையும் பாருங்கள், எது தூக்கத்தைக் கெடுக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

"அப்போ மேட் மேக்ஸ்? அது முழுக்கக் கார் துரத்தல்தானே?" என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஆமாம், அதுவும் ஆஸ்திரேலியப் படம்தான். 1979-இல் வந்தது, சுமார் நாலு லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் எடுத்த கார் துரத்தல். இயக்குநர் ஜார்ஜ் மில்லர் மருத்துவர். இடித்து நொறுக்க வேன் வாங்கக் காசில்லாமல் தன்னுடைய சொந்த வேனையே கொடுத்தார். உலகம் முழுக்கப் பத்துக் கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வசூலித்ததாகச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட படத்தை அமெரிக்காவில் வெளியிட்டபோது, கதாநாயகன் மெல் கிப்சன் உட்பட கிட்டத்தட்ட எல்லோருக்கும் அமெரிக்க உச்சரிப்பில் குரல் மாற்றினார்கள்.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த டப்பிங் விஷயம் என்னை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், இதே மெல்பர்னில் ஒரு வேலை நேர்காணலில் என் வேலைகளை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "உங்கள் உச்சரிப்பு எங்கள் வாடிக்கையாளர்களுக்குப் புரியாது" என்றார்கள். அரை மணி நேரம் நான் பேசியது முழுக்க அவர்களுக்குப் புரிந்திருந்தது. மதுரையில் பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலம் அது, ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் ஆறவில்லை.

ஹாலிவுட்டைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இங்கே வந்து எடுத்த ஒரு பெரிய அமெரிக்கப் படத்தில் ஆறு வாரம் கேபிள் இழுத்திருக்கிறேன். வாரா வாரம் சம்பளம் கணக்கில் விழுந்தது. ஓவர்டைம் நிமிடக் கணக்கில். ஆனால் ராட்சத மின்விசிறிச் சத்தத்தில் நாங்கள் பதிவு செய்த வசனம் பெரும்பகுதி பயன்படவில்லை, பிறகு ஸ்டுடியோவில் மறுபடி பேசவைத்தார்கள். பண்ணைப் படத்தில் "படம் விற்றதும் தருகிறோம்" என்றார்கள். படம் விற்றது. பணம் வரவில்லை. அதனால் வறுமையில்தான் கலை பிறக்கும் என்று இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிரில் படுத்துக் கிடந்தவனுக்குக் கூலி கொடுத்திருந்தாலும் அந்தக் கல் தெறித்துத்தான் இருக்கும்.

அப்புறம், நகல் என்கிறீர்களே, யாருக்கு யார் நகல்? ஜேம்ஸ் வானும் லீ வானலும் மெல்பர்னில் படித்தவர்கள். இங்கே பணம் கிடைக்காமல் ஒரு குறும்படத்தோடு லாஸ் ஏஞ்சல்ஸ் போய், 18 நாளில் 'சா' (Saw) என்ற திகில் படத்தை எடுத்தார்கள். அதற்கப்புறம் எத்தனை ஹாலிவுட் படங்கள் அந்த வழியில் வந்தன என்று எண்ணிப் பாருங்கள்.

'பிளாக் வாட்டர்' கிடைத்தால் அதிலிருந்து ஆரம்பியுங்கள். ராத்திரி, ஹெட்போனில். போனில் வேண்டாம்.