படுக்கையறை அலங்காரத்தில் 60-30-10 விதி என்றால் என்ன?

அறையின் நிறங்களைப் பங்கு பிரிக்கும் எளிய வழி இது. ஏறக்குறைய 60 சதவீதம் ஒரு முக்கிய நிறம் (சுவர், பெரிய அலமாரி), 30 சதவீதம் இரண்டாவது நிறம் (படுக்கை விரிப்பு, திரைச்சீலை), மீதி 10 சதவீதம் எடுப்பான நிறம்.

ஏன் இந்தக் கணக்கு? சுற்றிலும் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் நம் கண் ஒரு நிறத்தைப் பார்க்கிறது. அமைதியான பின்னணியில் கொஞ்சமாக வரும் அடர்நிறம் பளிச்சென்று தெரியும். எல்லாமே அடர்நிறமானால் எதுவும் எடுபடாது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசும் கூடம் மாதிரி ஆகிவிடும்.

சரி, அந்த 10 சதவீத நிறத்தை எங்கே தேடுவது? உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஓவியத்திலிருந்தே எடுங்கள் என்பேன். அறையின் குணம் அங்கேதான் தெரியும். நீலக் கடல் ஓவியத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் படகு கடுகு மஞ்சளில் இருக்கிறதா? அதே மஞ்சளில் ஒரே ஒரு தலையணை உறை போடுங்கள். சுவரில் இருக்கும் ஓவியமும் கட்டிலும் சட்டென்று ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

மூன்று நிறத்துக்கு மேல் கூடவே கூடாது என்று பலர் இந்த விதியைப் புரிந்துகொள்கிறார்கள். அப்படியில்லை, ஒரே நிறத்தின் வெளிர், அடர் சாயல்கள் எத்தனை வேண்டுமானாலும் அதனதன் பங்குக்குள் வரலாம்.