கோயில் கிணறும் மூடிய பெட்ரோல் நிலையமும்

கேள்வி: ஐயா, எங்கள் கோயிலை ஒட்டியிருந்த பெட்ரோல் நிலையத்தை மூடி, தரைக்கடியில் இருந்த தொட்டிகளையும் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்கள் வந்து, தரையில் உள்ள சின்ன இரும்பு மூடிகளைத் திறந்து தண்ணீர் எடுத்துப் போகிறார்கள். கடைசி ஆய்வில் 'பென்சீன் இல்லை' என்று வந்ததாம். கோயில் கிணற்றுத் தண்ணீரிலும் வாடை இல்லை. அபிஷேகத்துக்கும் தீர்த்தத்துக்கும் அதைத்தான் எடுக்கிறோம். பயப்பட வேண்டுமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தீர்த்தம் என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கிணற்றுத் தண்ணீரையே எடுத்துச் சோதிக்கும் வரை தீர்த்தத்துக்கும் அபிஷேகத்துக்கும் பைப்புத் தண்ணீர் பிடியுங்கள். அபிஷேகப் பாலும் அந்தத் தண்ணீரோடு கலந்துதானே பிள்ளைகள் கைக்கு வருகிறது! கொதிக்க வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் ஆவியாகி மடப்பள்ளிக் காற்றில் கலக்கும். இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள் அது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மூக்குக்கு வாடை தெரிய அதைப்போல ஆயிரம் மடங்கு வேண்டியிருக்கும். அதனால் வாடை இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

தொட்டி போனாலும், கசிந்த பெட்ரோல் மண்ணில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும். கண்காணிப்பு வருடக்கணக்கில் நீள்வது அதனால்தான்.

நீங்கள் பார்த்த இரும்பு மூடிகளுக்குக் கீழே இருப்பவை கண்காணிப்புக் குழாய்க் கிணறுகள். இந்த மாதிரிக் கிணறுகளில் தண்ணீர் எடுக்கும் வேலைதான் எனக்குப் பல வருடம் சோறு போட்டது. மூடியைத் திறந்ததும் அளவு நாடாவை இறக்கி, நீர்மட்டம் எங்கே நிற்கிறது, மேலே எண்ணெய் மிதக்கிறதா என்று பார்ப்போம். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. அப்புறம் மெதுவாகப் பம்ப் செய்து, 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் விளிம்பு ததும்ப நிரப்பி மூடுவோம். குப்பியைக் கவிழ்த்து விரலால் தட்டுவோம். ஒரு குமிழி மேலே ஏறினாலும் அந்தக் குப்பி ஆகாது. பென்சீன் அந்தக் காற்றுக்குள் போய்விட, ஆய்வகத்தில் எண் குறைந்து வரும். குப்பி நேராக ஐஸ் பெட்டிக்குப் போக வேண்டும். அடுத்த முறை அவர்கள் வரும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

சரி, அந்த 'இல்லை' என்ற முடிவுக்கு வருகிறேன். அது எந்த மாதம் எடுத்தது? கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பர் மழையில் நிலத்தடி நீர் ஏறிவிடும். குழாயில் தண்ணீர் நுழையும் துளைகள் முழுக்க மூழ்கிவிட்டால், மேலே மிதக்கும் பெட்ரோல் உள்ளே வர வழியில்லை. எடுத்த தண்ணீர் சுத்தமாகத் தெரியலாம். ஜூன், ஜூலையில் மட்டம் இறங்கியதும் அதே குழாயில் எண் எகிறுவதை நானே பார்த்திருக்கிறேன். குறைந்தது ஒரு வருட முடிவுகளை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அன்றைய நீர்மட்டத்தை எழுதிப் படிக்க வேண்டும்.

செந்தூல் பக்கம் இன்னொரு சங்கடமும் உண்டு. பத்துமலையில் நாம் படியேறிப் பார்க்கும் சுண்ணாம்புக்கல்தான் கோலாலம்பூரின் பெரும்பகுதிக்கு அடியிலும் கிடக்கிறது. பொந்தும் பிளவுமான கல். நாலைந்து குழாய்களின் நீர்மட்டத்தை வைத்துத் தண்ணீர் இந்தப் பக்கம்தான் ஓடுகிறது என்று வரைபடத்தில் அம்புக்குறி போடுவார்கள். இந்தக் கல்லில் அது அப்படியே பலிக்கும் என்று சொல்ல முடியாது. அவர்கள் குழாய்கள் சுத்தமாக இருந்தாலும் உங்கள் கிணற்றைத் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.

நிர்வாகத்தைக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். நிலத்தின் உரிமையாளருக்கு ஒன்று, சுற்றுச்சூழல் துறைக்கு ஒரு நகல். மாசடைந்த நிலங்களுக்கென்றே அந்தத் துறை 2009-இல் வழிகாட்டிகள் வெளியிட்டிருக்கிறது. அடுத்த சுற்றில் கோயில் கிணற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். 'சாம்' (SAMM) என்ற மலேசிய ஆய்வக அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாக இருக்கட்டும். முடிவில் மறுபடி 'இல்லை' என்று போட்டிருந்தால், எந்த அளவு வரை அளந்தீர்கள் என்று கேளுங்கள். 'லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழ்' என்றால் நிம்மதி அடையலாம். '50-க்குக் கீழ்' என்றால் நீங்கள் கேட்டதற்குப் பதிலே வரவில்லை என்று அர்த்தம்.

கிணற்றில் வானவில் நிறப் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து நின்றால் பெரும்பாலும் அது இரும்புச்சத்தைத் தின்னும் பாக்டீரியாவின் வேலை. உடனே ஒன்றுகூடிக்கொண்டால் எண்ணெய்; அன்றைக்கே துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அறிக்கை கைக்கு வந்ததும் நீர்மட்டப் பக்கத்தையும் சேர்த்து எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.